சுங்கை சிப்புட் தோட்டத்தில் கேமராவைத் தூக்கும் முன்

தோட்டத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தோடுதான் திரும்புகிறார்கள். பலகை வீட்டு வாசலில் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி, பின்னால் துருப்பிடித்த தகரம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் நானும் இரண்டு வருடம் அதையே எடுத்தேன். எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று மாற்றி எழுதினாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத படங்கள் அவை. உட்கார்ந்து வரலாற்றை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் என் கண் மாறியது. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். 'தோட்ட வாழ்க்கை' என்று ஒன்றை யாராலும் படம் எடுக்க முடியாது. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஜூன் 1948 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் பிறப்பித்தது. அந்த மூவரின் பெயரும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அன்று விடியற்காலையில் அதே தோட்டங்களில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்களின் பெயர் எங்கே? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே இரண்டு மூன்று வருடம் படம் எடுக்கலாம்.

அப்புறம் ஒரு தாளில் வருடங்களைக் கோடு போட்டு எழுதுங்கள். கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்தவர்) வழியாக ஆள் வருவதை இந்திய அரசு நிறுத்தியது 1938. ஜப்பானியர் தொழிலாளர்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் மரண ரயில் பாதை 1942-43. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், நம் தொகுதி எம்.பி. துன் சம்பந்தன் முன்னின்று, தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960. அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலம். நீங்கள் சந்திக்கப்போகும் ஒவ்வொருவரின் பிறந்த வருடத்தையும் இந்தக் கோட்டில் குறியுங்கள், என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

ஓர் உதாரணம். அவசரகாலத்தில் காட்டில் இருந்தவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு இருந்தது. பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவே தடை. பல தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். இது தெரியாத காலத்தில் ஆணியில் தொங்கும் பழைய தூக்குச்சட்டி எனக்கு வெறும் அழகான பொருள். தெரிந்த பிறகு அதைப் பற்றி ஒரு பாட்டியிடம் கேட்டேன், பேச்சு முக்கால் மணிநேரம் ஓடியது, படம் எடுக்கும் நினைப்பே எனக்கு வரவில்லை.

அந்தப் பாட்டிதான் இன்னொன்றும் சொன்னார். "தம்பி, என்னை மொதல் மொதல்ல படம் புடிச்சது ஐசிக்குத்தான்." 1948-இல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்த அடையாள அட்டை கட்டாயமானது. அப்படியென்றால் அவர் வாழ்வில் வந்த முதல் கேமரா, யார் பக்கம் நிற்கிறாய் என்று சோதிக்க வந்த கேமரா. நாம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போகிறோம்.

கோட்பாடு கைகொடுப்பது இங்கேதான், அதனால் அந்தச் சொல்லைக் கேட்டு ஓடாதீர்கள். ஆலன் செக்குலா என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1986-இல் ஒரு கட்டுரையில், முகப்படத்துக்கு இரண்டு வேலை உண்டு என்று விளக்கினார்: ஒருவரை மரியாதைப்படுத்துவது, ஒருவரைக் கண்காணித்து அடக்குவது. பாட்டி வீட்டில் இரண்டும் இருந்தன. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம், பெட்டிக்குள் பழைய ஐசி. அதைப் படித்திருந்ததால்தான் அந்தச் சுவரையும் பெட்டியையும் சேர்த்தே யோசித்தேன், அனுமதி கேட்டு இரண்டையும் எடுத்தேன்.

இன்னொரு பாடம் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லேஞ்சுடையது. 1936-இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் ஒரு தாயைப் படம் எடுத்தார், உலகப் புகழ் பெற்றது. பெயரைக் கேட்கவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லேஞ்ச் எழுதியதைக் குடும்பம் மறுத்தது. எவ்வளவு நல்ல மனதோடு போனாலும் நோட்டுப் புத்தகம் இல்லாமல் போனால் இதுதான் நடக்கும்.

பழைய படங்களைப் பார்க்கும்போது காசு கொடுத்தது யார், படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள். சிங்கப்பூரின் லாம்பெர்ட் ஸ்டூடியோ 19-ஆம் நூற்றாண்டில் நம் ஆட்களை 'இன வகை'களாக எடுத்துப் பெயரில்லாமல் விற்றது. பத்திரிகைகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் போதும். ஆங்கிலப் பத்திரிகைகளோடு தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இலவசம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வேறு, நம்மவர்கள் வைத்த பெயர் வேறு, இரண்டிலும் தேடுங்கள். ஒரே வேலைநிறுத்தத்தை இரண்டு மொழியிலும் வாசித்துப் பாருங்கள், எந்தப் பத்திரிகை துரையின் பங்களாவிலிருந்து பார்க்கிறது, எது லயத்திலிருந்து பார்க்கிறது என்று புரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வரலாறு படித்தவுடன் பழையதை மட்டும் தேடும் ஆசை வரும். இன்று செம்பனைக் குலை அறுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள், நம் தாத்தாக்கள் இருந்த லயங்களில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளையும் பால் வெட்டும் உளியையும் எடுத்தால் அந்தப் படம் பொய்.

படக்குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள்: பெயரை அவர் எப்படி எழுதச் சொல்கிறாரோ அப்படி, செய்த வேலை, தோட்டத்தின் இரண்டு பெயர்களும், வருடம், சொன்னது யார். வாசித்துக் காட்டுங்கள். படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். 'பால் மரம் வெட்டியவர்' என்று நான் எழுதியிருந்ததைப் பாட்டி கேட்டுவிட்டு, இருபத்திரண்டு வருடம் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்ததை ஏன் விட்டாய் என்றார். சேர்த்து எழுதி, மறுவாரம் புதுப் பிரிண்ட்டோடு போனேன்.