திருகோணமலைக்குக் கிழக்கே மோஹோ எவ்வளவு ஆழம்? எக்செல்லில் ஒரு பயிற்சி

மோஹோ என்பது புவியின் மேலோட்டுக்கும் அதற்குக் கீழுள்ள கனமான மூடகத்துக்கும் இடையிலான எல்லை. அதன் ஆழத்தை ஈர்ப்பிலிருந்து மதிப்பிட்டுப் பார்ப்போம். நிலத்துக்குக் கீழே கனமான பாறை இருந்தால் மேலே ஈர்ப்பு துளி கூடும், இலேசானது இருந்தால் குறையும். எதிர்பார்த்த அளவுக்கும் அளந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் ஈர்ப்பு விலகல். அலகு மில்லிகல்: மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

படி 1. கோணேசர் மலையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு போடுங்கள்: அகலாங்கு 8.58°, நெட்டாங்கு 81.25° முதல் 83.25° வரை, சுமார் 220 கி.மீ. இங்கே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) மிகவும் ஒடுக்கம். கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நமக்கு அது வசதி.

படி 2. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் தளத்தில் செய்மதி உயரமானியிலிருந்து (கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கும் கருவி) பெற்ற ஈர்ப்பு விலகலும் கடலாழமும் இலவசமாகக் கிடைக்கும். தூரம், ஆழம், அளந்த விலகல் என்று மூன்று நிரல் போதும். கரையை ஒட்டிய சில கி.மீ. அளவுகளை விட்டுவிடுங்கள், தரை குறுக்கிடுவதால் செய்மதி அங்கே தடுமாறும்.

படி 3. இனி மாதிரி. ஒரு தட்டையான அடுக்கு தரும் விலகல் = 41.93 × அடர்த்தி வித்தியாசம் × தடிப்பு (கி.மீ.). அடர்த்தியின் அலகு கிராம்/கன செ.மீ. பாறை 2.67, கடல்நீர் 1.03 என்றால், 3 கி.மீ. ஆழக் கடலுக்கு 41.93 × (−1.64) × 3, அதாவது −206 மில்லிகல்.

ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் போனால் அளந்த விலகல் அந்தளவு கீழே இறங்குவதில்லை. ஏன்? அடியில் ஏதோ ஈடுகட்டுகிறது. புவியின் மேலோடு மெலிந்து, கனமான மூடகம் மேலே வந்திருக்கிறது. இரண்டுக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.5 என்று வைத்தால், 206ஐ ஈடுகட்ட மோஹோ 9.8 கி.மீ. உயரவேண்டும். 0.4 என்று வைத்தால்? 12.3 கி.மீ. அதே வளைகோட்டுக்கு இரண்டு விடை! ஈர்ப்பை மட்டும் நம்பி ஆழம் சொல்பவரை நான் நம்புவதில்லை. நிலநடுக்க அலைத் தரவு ஒன்றாவது துணைக்கு வேண்டும். தரைப் பக்கத்தில் மோஹோவின் ஆழம் 35 கி.மீ. என்று தொடங்கலாம். வங்காள விரிகுடாவின் வண்டலுக்கும் ஒரு நிரல் சேருங்கள்: அடர்த்தி 2.3 என்றால் ஒவ்வொரு கி.மீ.க்கும் −15.5.

படி 4. அளந்ததிலிருந்து மாதிரியைக் கழித்து, மிச்சத்தை வரைபடமாக்குங்கள். சரிவின் விளிம்பில் மேடும் அடிவாரத்தில் பள்ளமும் தெரியும். பயப்படவேண்டாம், அது தட்டை அடுக்குச் சூத்திரத்தின் குறை. துறைமுக வாயில் கடலடிப் பள்ளத்தாக்கின் அருகிலும் அப்படித்தான். அங்கெல்லாம் 1959இல் தல்வானி குழுவினர் தந்த பல்கோண முறைதான் (பாறையின் குறுக்குவெட்டைப் பல்கோணமாக வைத்துக் கணக்கிடுவது) சரிவரும்.

மிச்சத்தின் முழுக் கோடும் ஒரேயடியாகக் கீழே நிற்கிறதா? அப்படியென்றால் மோஹோவில் கைவைக்காதீர்கள். இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டப் பரப்பு 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும் இந்து சமுத்திரத் தாழ்வு இருக்கிறது. அதன் காரணம் ஆழ மூடகத்தில் தேடப்படுவது. அகன்ற விலகலைச் சராசரியாகக் கழித்துவிட்டு, குறுகியதை மட்டும் பொருத்துங்கள். மிச்சம் சில மில்லிகலுக்குள் வந்ததும் நிறுத்திவிடலாம். செய்மதி அளவீட்டின் பிழையே அவ்வளவு இருக்கும்.