தோட்டக் கொட்டகையின் உட்புறத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது எப்படி?

வீட்டின் உள்ளறைகளுக்குப் பெயின்ட் அடித்துப் பழகியவர்கள்கூடத் தோட்டக் கொட்டகையில் சறுக்கிவிடுவதுண்டு. பகலெல்லாம் வெயிலில் சூடேறி, இரவில் சட்டென்று குளிர்ந்து, விடியற்காலையில் உட்சுவர் முழுக்க நீர்த்துளி கோத்து நிற்கும் இடம் அது. பெயின்ட் அடிப்பதற்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் போதும். அதற்கு முன் காயவைப்பதற்கும் தேய்ப்பதற்கும்தான் மூன்று நான்கு நாள்கள் பிடிக்கும். இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் பெயின்ட் டப்பாவைத் திறப்பது நல்லது. இங்கே பலகைச் சுவர் கொண்ட கொட்டகையை வைத்தே விளக்குகிறேன். செங்கல் சுவரென்றால் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: காலி செய்து, ஓதம் பார்த்தல்

கொட்டகையில் உள்ள அனைத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மழை பெய்யும் ஒரு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பாருங்கள். கூரை ஓட்டை, சன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பு, கதவடி என்று தண்ணீர் வரும் வழி எல்லாம் அப்போது தெரிந்துவிடும். அவற்றை அடைக்காமல் உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டை அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் போட்டுவிடும்.

செங்கல் சுவரையும் சிமென்ட் தரையையும் வேறு விதமாகச் சோதிக்க வேண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் வைத்து ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் இருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. முன்னதற்குச் சுவரைச் சரிசெய்ய வேண்டும், பின்னதற்குக் காற்றோட்டமே மருந்து. உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

படி 2: பழைய பூச்சைச் சோதித்தல்

பிளேடால் பெருக்கல் குறிபோல ஒரு கீறல் போட்டு, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் பொருக்காக டேப்போடு வந்துவிட்டால் அந்தப் பகுதியை மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். வராவிட்டால் லேசாகத் தேய்த்தால் போதும்.

அடுத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் இளகித் துணியில் ஏறினால் பழைய பூச்சு எமல்ஷன், அதாவது தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட். அசையாமல் இருந்தால் எனாமல், அதாவது எண்ணெய் பெயின்ட். எனாமலின் வழவழப்பை உப்புத்தாளால் போக்காமல் மேலே எமல்ஷன் அடித்தால் அது பிடிக்காது, நகத்தால் நெருடினாலே தோலாக உரிந்து வரும்.

கட்டடம் பல பத்தாண்டுகள் பழையதென்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதற்கான சோதனைப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. சந்தேகம் இருந்தால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, சிறு பிள்ளைகளை அப்பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பூஞ்சணத்தைக் கொல்லுதல்

மூலைகளில் கருத்திருப்பது அழுக்கா, பூஞ்சணமா என்று அறிய அதன் மேல் ஒரு சொட்டு பிளீச் விட்டால் போதும். ஒரு நிமிடத்தில் வெளுத்துவிட்டால் பூஞ்சணம்தான். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். கையுறை அவசியம், கதவு சன்னல் திறந்திருக்கட்டும். இந்தக் கலவையோடு வினிகரையோ அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பிறகு குறைந்தது இரண்டு நாள்கள் காயட்டும்.

படி 4: தேய்த்தலும் அடைத்தலும்

80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120 எண்ணில் முடித்தால் பலகைச் சுவருக்குப் போதுமானது. அதைவிட நுண்மையாக இழைப்பது கொட்டகைக்கு வீண் உழைப்பு என்பது என் கருத்து.

ஆணிக் குழிகளைப் பட்டி வைத்து நிரப்பலாம். ஆனால் பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் பட்டி வைக்காதீர்கள். பலகை ஈரக் காலத்தில் உப்பி, வறண்ட காலத்தில் சுருங்கும். கெட்டியான பட்டி அந்த அசைவைத் தாங்காமல் நூல்நூலாக வெடித்து உதிரும். இடுக்கை அடைத்தே ஆக வேண்டுமென்றால் வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட் இருக்கிறது.

துருப்பிடித்த ஆணித்தலை ஒவ்வொன்றிலும் உலோகப் பிரைமரை (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) தொட்டு வையுங்கள். இல்லையேல் இரண்டு கோட் வெள்ளைக்கும் மேலாகப் பழுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். பிசின் கசியும் மரக்கணுக்களின் மேல் அரக்குப் பிரைமர் பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

படி 5: அளவு

நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்று கொள்வோம். நான்கு சுவரும் 16.8 சதுர மீட்டர், கூரையின் உட்புறம் 4.3, கதவைக் கழித்தால் ஏறக்குறைய 20. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்பதால் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் வேண்டும். வெறும் மரம் நிறைய உறிஞ்சும், எனவே பிரைமரைச் சற்றுத் தாராளமாக, 2.5 லிட்டராக வாங்குங்கள்.

சுவருக்கு எனாமலைவிட எமல்ஷனையே பரிந்துரைப்பேன். பலகைக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே மெல்ல வெளியேறும். எனாமல் அதை உள்ளேயே பூட்டிவிடும். கதவுக்கும் சட்டங்களுக்கும் எனாமல் இருக்கட்டும்.

படி 6: அடித்தல்

காலைப் பனி காய்ந்த பின் தொடங்கி, பொழுது சாய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நான் ஒருமுறை மாலை ஐந்து மணிக்கு இரண்டாம் கோட்டை முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். மறுநாள் காலையில் சுவரெங்கும் தேநீர் வழிந்தாற்போலப் பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள். காயாத எமல்ஷன் மீது ஈரம் படிந்ததால் அதிலுள்ள கரையும் பொருள்கள் வெளியே வந்திருக்கின்றன. ஈரத் துணியால் துடைத்தவுடன் போய்விட்டன, ஆனாலும் அந்தக் காலை மறக்கவில்லை.

முதலில் கூரையின் உட்புறம், பிறகு சுவர், அப்புறம் சட்டங்கள், கதவு. தரைக்கும் அடிப்பதாயின் அதுவே கடைசி, உள்மூலையில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். பிரைமரோ பெயின்ட்டோ, ரோலரை எடுக்குமுன் சிறு பிரஷால் பலகைகளின் காடிகளுக்குள் (ஒரு பலகை அடுத்ததோடு கோக்கும் பள்ளங்கள்) குத்தி நிரப்புங்கள். பலகை சுருங்கும் காலத்தில், பக்கத்துப் பலகையின் காடிக்குள் மறைந்திருந்த நாக்கு போன்ற விளிம்பு வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடாக வெளியே தெரிவது இதைச் செய்யாததால்தான். நிரப்பிய காடி காய்வதற்குள் ரோலரை ஓட்டுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பலகை வீதம். ரோலர் கரகரவென்று ஒலித்தால் பெயின்ட் தீர்ந்துவிட்டது, அழுத்தித் தேய்க்காமல் மறுபடி தோய்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை விடுங்கள். எமல்ஷனுக்குப் பெரும்பாலும் 4 மணி நேரம், குளிர்ந்த நாளில் அதைவிடக் கூடுதல். பெயின்ட் படக்கூடாத ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தால், கடைசிக் கோட் முழுதாகக் காயுமுன்பே அதைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள்.

படி 7: அடித்த பிறகு

கையில் ஒட்டாததால் பெயின்ட் இறுகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை மண்வெட்டியைச் சுவரில் சாய்க்காதீர்கள். கதவை முதல் சில இரவுகள் இறுகச் சாத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், இடையில் ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். எண்ணெய் சேர்ந்த துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மீந்த பெயின்ட்டின் மூடியில் நிற எண்ணையும் தேதியையும் எழுதி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். கொட்டகையிலேயே விட்டால் கடுங்குளிரில் எமல்ஷன் உறைந்து, திரிந்த பாலாகிவிடும்.