சாரல் ஊரில் ஒலி மிக்சர் வாங்கும் முன்

பல மைக், கருவிகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்சரின் பெட்டியில் ‘10 சேனல்’ (பத்து ஒலி வழி) என்றிருந்தாலும் மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணுங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யு என்ற மாடலில் அவை நாலுதான். மீதி கீபோர்டு போன்ற லைன் கருவிகளுக்கு. அதன் யுஎஸ்பி வழியே கணினிக்குப் போவதும் இரண்டே டிராக் (ஒலித் தடம்). வில்லுப்பாட்டுக் குழுவில் குடத்தையும் உடுக்கையையும் பிறகு தனித்தனியே ஒலி கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாக அனுப்பும் ‘மல்டிடிராக்’ யுஎஸ்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடும்தான்.

கண்டன்சர் மைக்குக்கு மிக்சரே மைக் ஒயர் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், அவசியம். ஒலியளவை மாற்றும் ஃபேடரை இறக்கிவிட்டு அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ‘டப்’ என்ற அடி ஸ்பீக்கரில் இறங்கும்.

பழையது வாங்கினால் ஹெட்போன் மாட்டி, பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருகி, கரகரக்கிறதா என்று பாருங்கள். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஜூன் முதல் ஈரக்காற்று. ஈரமும் தூசியும் சேர்ந்தால் ஃபேடர் கரகரக்கும். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனர் போதும், சைக்கிள் எண்ணெய் விட்டால் தொலைந்தது. மிக்சரை மூடியிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூடிக்குள் வையுங்கள்.

மிக்சரும் கணினியும் ஒரே எர்த் உள்ள பிளக்கில் இருக்கட்டும். வேறு வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்தால் ‘ம்ம்ம்’ இரைச்சல் வரலாம்.