ஒயின் விருந்துக்கு அழைப்பு வந்தால்

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் தயாரிப்பாளர் தரும் விருந்துக்கு எழுதுபவர் என்ற முறையில் அழைப்பு வந்தால், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஐந்து சுற்று உணவுக்கு ஐந்து ஒயின், தலா 60 மில்லி என்று வைத்தாலே 300 மில்லி ஆகிவிடும். அங்குள்ள கேபர்நே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின்களில் பலவற்றின் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டும். ஊற்றியதையெல்லாம் குடித்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேசையில் இருக்கும் சிறு வாளி மிச்சத்தைக் கொட்டத்தான், கூச்சமே வேண்டாம். வாளி இல்லையென்றால் பரிமாறுபவரிடம் ஒரு காலிக் கோப்பை கேளுங்கள். வீடு திரும்ப டாக்ஸியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அன்று வாசனைத் திரவியம் பூசாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒயினின் மணம் கெட்டுப்போகும். கோப்பையைத் தண்டில் பிடியுங்கள்; மேலே உள்ள கிண்ணப் பகுதியைப் பிடித்தால் ஒயினில் கைச்சூடு ஏறும். திராட்சை வகை, அறுவடை ஆண்டு, உங்களுக்குத் தோன்றிய சுவை ஆகியவற்றை மெனு அட்டையின் ஓரத்திலேயே குறித்துவிடுங்கள். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு நினைவை நம்ப முடியாது. தயாரிப்பாளரிடம், "ஒயினை எந்த மரப் பீப்பாயில், எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் மடை திறந்தாற்போல் பேசுவார்.

சினிமா நட்சத்திரங்களின் பத்திரிகையாளர் சந்திப்புக்கு அழைப்பு வந்தால், அது வேறு ரகம். ஒரே கேள்வி, அதுவும் சுருக்கமாக. செல்ஃபி கேட்பது அநாகரிகம் என்பது என் கருத்து. செய்தியை எப்போது வெளியிடலாம் என்பதை அழைப்பிதழிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவச விருந்தைப் பாராட்டி எழுதினால், அது இலவசம் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.