ஏணியும் நேற்றும்: மகிழ்ச்சியை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி

"சந்தோஷமாக இருக்கிறேனா?" என்று ஆறு மாதம் தினமும் என்னையே கேட்டு எழுதினேன். நோட்டில் "பரவாயில்லை" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. உலகம் முழுக்க இதை விசாரிக்கும் கேலப் நிறுவனம் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. அதைக் கடன் வாங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

முதல் கேள்வி ஏணி. அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் 1965இல் கொடுத்தது. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், 10. மிக மோசமானது அடியில், 0. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மாதம் ஒருமுறை கேட்டால் போதும்.

இரண்டாவது நேற்று. தூங்கி எழுந்த தெம்பு இருந்ததா? நாள் முழுக்க மரியாதையாக நடத்தினார்களா? நிறையச் சிரித்தீர்களா? சுவாரசியமாக எதையாவது கற்றீர்களா, செய்தீர்களா? எதையாவது ரசித்து அனுபவித்தீர்களா? ஆம், இல்லை மட்டும் போடுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் எழுதிவிடுவது நல்லது. இரவில் எழுதினால் களைப்பே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடும்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஏணிக் கேள்வியின் பதிலை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில் 2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டும் பின்லாந்துதான் முதலிடம். ‘நேற்று’ பட்டியலிலோ, வருமானத்தில் அதன் பக்கத்தில்கூட வர முடியாத பராகுவே பலமுறை உச்சியில் இருந்திருக்கிறது. பணம் ஏணியை நன்றாகவே அசைக்கும். ஆனால் கூடுவது எத்தனை ரூபாய் என்பதைவிட எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. ஏழையை ஒரு படி ஏற்றிவிடும் தொகை, வசதியானவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால், இல்லாதவரிடம் போய் "பணத்தில் என்ன இருக்கிறது" என்று உபதேசம் செய்பவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

வேலை மாறிச் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பான ஆண்டு என் ஏணி 5இலிருந்து 7க்கு ஏறியது. அதே ஆண்டு சிரிப்புக் கட்டத்தில் மூன்று வாரம் தொடர்ந்து ‘இல்லை’. நடுவில் ஒரே ஒரு ‘ஆம்’ கூட வரவில்லை. ஒரு நாள் பக்கத்து மேசைக்காரர், தான் இரண்டு காலிலும் வெவ்வேறு ஜோடிச் செருப்போடு வந்திருப்பதை மத்தியானம்தான் கண்டுபிடித்தார். அன்றோடு அந்த வரிசை முடிந்தது.

சரி, எழுதியதை எப்படிப் படிப்பது? நேற்று நன்றாக, ஏணி தாழ்வாக இருந்தால் வருமானம், கடன், உடம்பு இவற்றைப் பாருங்கள். தியானம் கடனை அடைக்காது. ஏணி உயரமாக, நேற்று மோசமாக இருந்தால் தூக்கத்தையும் கூட இருக்கும் மனிதர்களையும் கவனியுங்கள். இரண்டுமே பல வாரம் கீழே கிடந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. 136 நாடுகளின் தகவலை வைத்து 2013இல் வந்த ஆய்வொன்றில், ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் 120 நாடுகளில் பிறருக்குக் கொடுப்பவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். வாரம் ஒருமுறை, தெரிந்த ஒருவருக்காக, நேரில் சிறிதாக ஏதாவது செலவழியுங்கள்; அந்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். என் நோட்டில் ஒன்பது புள்ளிகள். ஏழு நாள் சிரிப்புக் கட்டத்தில் ‘ஆம்’. மீதி இரண்டில் ஒன்று, வாங்கிக் கொடுத்ததற்கு அவர் அங்கேயே கணக்குப் பார்த்துக் காசைத் திருப்பித் தந்துவிட்ட நாள்.