காளான் மாத்திரை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ரெய்ஷியா, லயன்ஸ் மேனா, கார்டிசெப்ஸா, எந்த வகைக் காளான் என்ற கேள்வி அப்புறம். உள்ளே இருப்பது காளானின் எந்தப் பகுதி என்று முதலில் பாருங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

குடையும் தண்டுமாக வெளியே வளர்வது கனியுடல். அதற்கு முன் தானியத்துக்குள் வெள்ளை நூலாகப் பரவுவது மைசீலியம். அரிசியிலோ ஓட்ஸிலோ வளர்த்த மைசீலியத்தைத் தானியத்திலிருந்து பிரிப்பது நடக்காத காரியம். சேர்த்தே காயவைத்து அரைத்துவிடுவார்கள். அதனால் மாத்திரையில் கணிசமான பங்கு தானிய மாவாக இருக்கலாம். லேபிளில் 'கனியுடல்' என்றே எழுதியிருக்க வேண்டும். 'மைசீலியல் பயோமாஸ்' என்றிருந்தால் யோசியுங்கள்.

'பாலிசாக்கரைடு 40%' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருள்; மாவுச்சத்தும் அதில் ஒன்றுதான். காளானின் செல்சுவரில் இருக்கும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் எத்தனை சதவீதம் என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். '10:1 சாறு' என்பது எவ்வளவு காளானைச் சுண்டவைத்தார்கள் என்ற கணக்கு மட்டுமே.

வாங்கிவிட்டீர்களா? கால் டீஸ்பூன் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, மேலே தெளிந்த நீரில் இரண்டு சொட்டு போவிடோன் அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. சூடாக இருந்தால் நிறம் வராது. வைட்டமின் சி கலந்த பொடியிலும் அயோடின் வெளுத்துப்போய் ஏமாற்றிவிடும். நிறம் மாறாததை வைத்துத் தரத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. வேறு நிரப்பு இருக்கலாம்.

அளவும் முக்கியம். லேசான மறதி உள்ள 50 முதல் 80 வயதுக்காரர்களிடம் ஜப்பானில் நடந்து 2009இல் வெளியான லயன்ஸ் மேன் ஆய்வில், நாளுக்கு 3 கிராம் வீதம் 16 வாரம் கொடுத்தார்கள். அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் கூடியது, நிறுத்திய 4 வாரத்தில் குறைந்தது. கலந்துகொண்டவர்கள் 30 பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 500 மில்லிகிராம் மாத்திரையில் அந்த அளவுக்கு நாளுக்கு ஆறு வேண்டும். 60 மாத்திரை டப்பா பத்தே நாளில் காலி. எனவே டப்பா விலையை விட்டுவிட்டு, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள்.

ரெய்ஷியின் கசப்புப் பொருளான டிரைடெர்பீன் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெந்நீர், ஆல்கஹால் இரண்டிலும் எடுத்த சாறே நல்லது. கார்டிசெப்ஸில், இமயமலையில் காட்டில் கிடைக்கும் யார்சாகும்பா என்ற வகை தங்கத்தோடு போட்டியிடும் விலை. மலிவான மாத்திரையில் அது இருக்க வாய்ப்பில்லை. வளர்த்தெடுக்கும் இனமான 'கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ்' கனியுடலை வாங்குங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு ரெய்ஷியால் ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். சாகா (chaga) என்ற காளானில் ஆக்சலேட் மிக அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மாற்று உறுப்பு பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. சர்க்கரையை, புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருந்தால் டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள். அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) ஈயம், காட்மியம், ஆர்சனிக் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். 'பத்துக் காளான் கலவை' 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒவ்வொன்றும் சராசரியாக 50 மில்லிகிராம்தான். ஒரே காளானில் தொடங்கினால், தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தாலும் காரணம் தெரியும்.