குடி கையை மீறினால் ஒன்ராறியோவில் எங்கே போவது?

வார இறுதியில் நாலு பேர் பேஸ்மென்டில் கூடும்போது தொடங்குவதுதான். குளிர்காலமும் இரவு வேலையும் சேர்ந்தால், ஆட்கள் வராமலே போத்தல் திறபடும்.

தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கம், வியர்வை என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். கோயிலில் சத்தியம் செய்வதென்றால் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு வைத்தியரைப் பாருங்கள். வலிப்பு வந்தாலோ, ஆள் நிலைதடுமாறிப் பேசினாலோ உடனே 911.

குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையா? புதிதாக வந்த பலருக்கும் அதே கதைதான். 1-866-531-2600 என்ற கனெக்ஸ்ஒன்ராறியோ எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அவர்கள் சிகிச்சை தருவதில்லை; உங்கள் பகுதியில் எங்கே போகலாம் என்று தேடிச் சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறினால், எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று கேளுங்கள். "ராம்" கிளினிக் என்று சொன்னால் கோயில் என்று நினைக்க வேண்டாம். வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகக்கூடிய போதைச் சிகிச்சை நிலையம் அது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் அங்கே எழுதித் தருவார்கள். ஓஹிப் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை இல்லாதவர்கள் சமூக சுகாதார நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

நம்மவர்களைத் தடுப்பது பெரும்பாலும் காசு அல்ல, "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்ற பயம். தமிழர் நெருங்கி வாழும் ஸ்காபரோவில் அது பொய்ப் பயமும் இல்லை, மொழிபெயர்க்க வருபவர் உங்கள் பக்கத்து ஊராகவே இருக்கலாம். ரகசியம் காப்பது அவர் கடமை. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், தொலைபேசியில் மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள், முகம் தெரியாது.

அடுத்த பயம் பிஆர். நிரந்தர வதிவிடம் உள்ளவர் சிகிச்சைக்குப் போனார் என்பதற்காக அது பறிபோகாது. பறிபோகக்கூடியது குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால்தான்: 2018 டிசம்பரில் அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 10 வருடமானது. அதனால் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது, நாடுகடத்தும் உத்தரவு வரைக்கும் போகலாம். டாக்ஸியோ டிரக்கோ ஓட்டிப் பிழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போதைப் பழக்கம் கட்டுப்பாட்டில் இல்லாமல், சொன்ன சிகிச்சையையும் ஏற்க மறுத்தால், வைத்தியர் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தே ஆக வேண்டும். சிகிச்சையை ஏற்பதுதான் லைசன்ஸுக்கும் பாதுகாப்பு.

குடிப்பவர் மறுக்கிறார் என்றால் மனைவியோ, கூட இருக்கும் நண்பரோ அதே எண்ணை அழைக்கலாம். எத்தனை காலமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். அப்புறம் வேலை சுலபம்.